இன்னும் பத்து அடி

"சார், எங்க சமையலறைல எருமை கத்துது."

கதவைத் திறந்த குணசேகருக்குக் கிடைத்த காலை வணக்கம் இதுதான். எதிரே மூன்றாவது மாடி மங்களம் டீச்சர் நின்றிருந்தார். கையில் தோசைத் திருப்பி. அதை அவர் பிடித்திருந்த விதத்தில், சேலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வெகுகாலம் பிரம்பு பிடித்த பழக்கம் தெரிந்தது.

"எருமையா? லிஃப்ட்ல ஏறியா வந்துச்சு டீச்சர்?"

"விளையாடாதீங்க. ஸ்பீக்கர்ல சார். ஏழு மணிக்குத் தலைவர் 'இன்றைய சிந்தனை'ன்னு ஆரம்பிச்சாரு. உடனே ம்ர்ர்ர்னு ஒரு சத்தம். அவர் சொன்னது ஒரு எழுத்து கேக்கல. மொட்டை மாடில நீங்க நட்டு வெச்சிருக்கீங்களே ஒரு கம்பம், அதனாலதான்னு எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா?"

"நானும் தலைவரும்."

குணசேகர் கழுத்தில் தொங்கிய ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வாளை உருவுகிற பாவனை அதில் இருந்தது.

"என் கம்பத்து மேல யார் கைய வெச்சாலும் விட மாட்டேன் டீச்சர். மத்திய அரசு குடுத்த லைசென்ஸ் அது."

"எருமைக்குமா லைசென்ஸ் குடுத்திருக்காங்க?"

*

இந்த உரையாடல் நடந்த இடத்தின் பெயர் ஆல்பைன் மெடோஸ். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில், மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு பஞ்சர் கடைக்கும் வரிசையாக நிற்கும் பி.ஜி. விடுதிகளுக்கும் நடுவே செருகப்பட்ட நாலு மாடிக் கட்டடம். ஆல்ப்ஸ் மலை லிஃப்டுக்குள் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருந்தது. பாதி உரிந்துவிட்டது.

குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் ராஜேஷ்குமார். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வைஸ் பிரசிடெண்ட். அந்த நிறுவனத்தில் ஒரு மாடிக்கு ஏழு வைஸ் பிரசிடெண்ட்கள் இருந்தார்கள் என்பதை அவர் பெரிதாக வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. சங்கத் தேர்தலில் வேறு யாரும் நிற்க விரும்பாததால் அவர் போட்டியின்றித் தேர்வானார். அதை மக்கள் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்.

பதவிக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், எல்லா வீட்டுச் சமையலறையிலும் ஒரு ஸ்பீக்கர் மாட்டியது. காவலாளி அறையிலும் ஒன்று. தீ விபத்து, நிலநடுக்கம் முதலான ஆபத்துகளில் அறிவிப்புச் செய்ய. தீயும் பிடிக்கவில்லை, நிலமும் நடுங்கவில்லை. மைக் சும்மா கிடப்பது தலைவருக்குப் பொறுக்கவில்லை. எனவே தினமும் காலை ஏழு மணிக்குக் கீழ்த்தளத்துச் சங்க அறையில் உட்கார்ந்து, 'இன்றைய சிந்தனை' வழங்க ஆரம்பித்தார். தோல்வியைத் தழுவுவது எப்படி, மாற்றத்தை வரவேற்பது எப்படி என்றெல்லாம். ஸ்பீக்கரில் அணைக்கும் பொத்தான் கிடையாது. வேண்டுமென்றே வைக்கவில்லை.

இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டே தோல்வியைத் தழுவ எல்லாரும் பழகிக்கொண்டார்கள், ஒருவரைத் தவிர. குணசேகர் முதல் நாளே ஒயரை வெட்டி, ஸ்பீக்கரைக் கொண்டுபோய்த் தலைவர் வீட்டுக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்தார்.

"என் வூட்டுக்குள்ள என் அனுமதி இல்லாம இன்னொருத்தன் குரல் வரக்கூடாது. அவ்ளோதான். இது கொள்கை" என்று மனைவி ஆஷாவிடம் அறிவித்தார்.

"நான் பேசறதே உங்க காதுல ஏறல. அவர் பேசறதா ஏறிடப்போவுது" என்றாள் ஆஷா.

குணசேகர் கோலார் தங்க வயலில் பிறந்தவர். பெங்களூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோபம் வந்தால் அவருடைய தமிழ் நேராகத் தங்க வயலுக்குத் திரும்பிப் போய்விடும். அவருக்குள்ள ஒரே போதை ஹாம் ரேடியோ. அரசாங்கப் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தபடியே காற்றின் வழியாக இன்னொரு ஊர்க்காரரோடு பேசுகிற பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. 'சேவை' என்று திருத்துவார். மற்றவர்கள் கல்யாணப் படம் மாட்டுகிற இடத்தில் அந்த லைசென்ஸைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். கல்யாணப் படம் பீரோவுக்குப் பின்னால் இருந்தது.

கடையில் வாங்கிய நவீன செட் எதையும் அவர் தொடமாட்டார். அந்தக் கால வானொலி நிலையங்கள் பேசிய அதே ஏ.எம். முறையில், தானே கட்டிய டிரான்ஸ்மிட்டர். அதிலிருந்து ஒரு கேபிள் ஜன்னல் வழியாக வெளியேறி, சுவரோடு ஏறி, மொட்டை மாடிக் கம்பத்தின் உச்சிக்குப் போகும். காலை ஏழு மணிக்கு அவர் மைக்கைப் பிடித்தால், ஈரோட்டில் சாமிநாதன் என்பவர் பதில் சொல்வார். இருவரும் பன்னிரண்டு வருஷமாகப் பேசுகிறார்கள். நேரில் பார்த்ததில்லை. சிக்னல் எப்படி வருகிறது, வானிலை எப்படி என்று ஓரிரு நிமிஷம் அறிவியல் நடக்கும். மிச்ச நேரம் முழுக்க முட்டி வலி, முனிசிபாலிட்டி, மருமகன்கள், மனித குலத்தின் வீழ்ச்சி.

"இந்தக் கட்டடத்துல என் பேச்சை உக்காந்து கேக்க ஒரு ஆளு கீதா?" என்று அவர் ஆஷாவிடம் கேட்பதுண்டு. "ஈரோட்ல ஒருத்தன் கேக்கறான். அந்தக் கம்பம் போனா எனக்கு அவனும் போயிடுவான்."

அதனால்தான் அவர் ஹெட்ஃபோனை வாள் மாதிரி உருவினார்.

*

"என் சிக்னல் சுத்தம் டீச்சர். தப்பு என்னுது இல்ல" என்றார் குணசேகர், மறுநாள் மங்களம் டீச்சரின் சமையல் மேடைமேல் ஏறி நின்றுகொண்டு. எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிவந்த கறுப்பு வளையங்களை ஸ்பீக்கர் ஒயரில் கோத்துக்கொண்டிருந்தார். வேண்டாத சிக்னலைத் தடுக்கிற வளையங்கள். "ஸ்பீக்கர் சத்தத்தைக் கொண்டு வர்றதோட நிக்கணும். இந்த ஒயர் இன்னா பண்ணுதுன்னா, தன்னை ஆன்டெனான்னு நினைச்சிக்குது."

"அப்ப ஒயர்தான் தப்பு பண்ணுது. நீங்க பண்ணல."

"கரெக்ட்."

"எங்க ஏழாம் வகுப்புப் பசங்களும் இதையேதான் சொல்வாங்க."

வளையம் போட்டுவிட்டுக் கீழே இறங்கும்போது முட்டி 'கடக்' என்றது. அதைப் பொருட்படுத்தாமல் கம்பீரமாக நடந்து வீடு சேர்ந்தார்.

அடுத்த நாள் காலை லிஃப்ட் வாசலில் டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"சார், எருமை போயிடுச்சு."

"பாத்தீங்களா!"

"இப்ப வாத்து வந்திருக்கு."

"வாத்தா?"

"க்வாக் க்வாக்னு. ஆனா ஒண்ணு சார், எருமைக்கு இது தேவலை. ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்கு."

குணசேகர் அதற்கும் அசரவில்லை. ஹாம்களுக்குத் தெரிந்த அடுத்த மருந்து உயரம். ஆன்டெனா எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவுக்குக் கீழே இருக்கிற ஒயர்களுக்கு உபத்திரவம் குறையும். காவலாளி பச்சைமுத்துவைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். தினமும் ஆனேக்கலிலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வருகிற பச்சைமுத்துவுக்கு, வாசலில் நின்று சல்யூட் அடிப்பதைவிட இரும்புக் குழாய் பிடிப்பது உற்சாகமாக இருந்தது. கம்பம் ஒரு ஆள் உயரம் வளர்ந்தது.

வாட்ஸ்ஆப் குழு பற்றிக்கொண்டது.

ஒருவர் வீட்டில் வைஃபை மெதுவாகிவிட்டது. ஒருவருக்கு முடி கொட்டியது. ஒருவர் வீட்டில் தயிர் சீக்கிரம் புளித்தது, இன்னொருவர் வீட்டில் உறையவே இல்லை, இரண்டுக்கும் கம்பமே காரணம். கம்பத்தின் கதிர்வீச்சால் புறாக்கள் வருவது நின்றுவிட்டதாக ஒருவர் கண்ணீர் முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார். அவர்தான் சங்கத்தின் புறா ஒழிப்பு உபகுழுவுக்கு அமைப்பாளர்.

சாயங்காலம் தலைவரே நேரில் வந்தார்.

"லெட் மீ பி வெரி கிளியர் சார். இது ஒரு பிரீமியம் கம்யூனிட்டி. என் காலை உரையில ரெசிலியன்ஸ் பத்திப் பேசிட்டிருக்கேன், பாதில வாத்து கத்துதுன்னு கம்ப்ளைண்ட் வருது. ஐ ஃபெல்ட் வெரி பேட்."

"வாத்துக்கு எவ்ளோ பேடா இருந்திருக்கும்?"

"சார், திஸ் இஸ் நாட் எ ஜோக். உங்க ரேடியோ எல்லாரையும் டிஸ்டர்ப் பண்ணுது."

"யாரு யாரை டிஸ்டர்ப் பண்றாங்கன்னு காட்டட்டுமா? வாங்க என்கூட."

குணசேகர் ஒரு கைரேடியோவை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். மோப்ப நாய் முன்னே போக, போலீஸ் பின்னே போகிற மாதிரி தலைவர் தொடர்ந்தார். ஒவ்வொரு மாடியிலும் ரேடியோ முனகியது. நாலாவது மாடியில் தலைவர் வீட்டு வாசலில் உறுமியது. உள்ளே கூடத்தில், ரோஜா நிறக் கல்லில் செய்த ஒரு விளக்கின் முன்னால் போய் 'குய்ய்ய்' என்று அலறியது.

"இது இன்னா?"

"மன அமைதி விளக்கு. இம்போர்டட். இதுலேர்ந்து பாசிடிவ் வைப்ரேஷன் வரும்."

"அணைங்க."

தலைவர் அணைத்தார். ரேடியோ வாயை மூடிக்கொண்டது.

"போடுங்க."

குய்ய்ய்.

"காலைல காலைல என் ரேடியோல தேனீக் கூடு கலைஞ்ச மாதிரி ஒரு இரைச்சல் வருது சார். எங்கேர்ந்துடா வருதுன்னு ரொம்ப நாளா தேடிக்கினு இருந்தேன். உங்க மன அமைதிதான்."

சமையலறையிலிருந்து தலைவரின் மனைவி தீபிகா எட்டிப் பார்த்தாள். "நான் அன்னைக்கே சொன்னேங்க, அதைப் பாத்தாலே எனக்குத் தலைவலி வருதுன்னு."

தலைவரின் முகம் விளக்கின் நிறத்துக்கு வந்தது. தோல்வியைத் தழுவும் சந்தர்ப்பம் இது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

"ஓகே சார். கம்பத்தை அப்புறம் பாத்துக்கலாம். ஆனா உங்க கேபிள் வெளிச்சுவத்துல தொங்கிட்டு வருதே, அது எலிவேஷனைக் கெடுக்குது. விசிட்டர்ஸ்க்கு ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன் என்ன ஆகும்?"

"எதிர்ல பஞ்சர் கடை கீதே, அதுக்கு இன்னா இம்ப்ரெஷன்?"

"அது அவுட்சைட் அவர் ஸ்கோப். எல்லாக் கேபிளும் சர்வீஸ் டக்ட் வழியாத்தான் போகணும். ரூல்."

"டக்ட்தானே? வுட்டுட்டாப் போச்சு. ஒரு இன்ச் வெளிய தெரியாது. அதுக்கப்புறம் இன்னா குத்தம் கண்டுபிடிக்கறீங்கன்னு நானும் பாக்கறேன்."

மறுநாளே விட்டார். லிஃப்டுக்குப் பக்கத்தில் கட்டடத்தின் உச்சியிலிருந்து அடிவரை ஓடுகிற இருட்டுப் பொந்து அது. அதற்குள் எல்லா வீட்டு ஸ்பீக்கர் ஒயர்களும் ஜடைபோல இறங்கின. குணசேகர் தன் கேபிளை அந்த ஜடையோடு சேர்த்து, சாணுக்கு ஒரு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கிக் கட்டினார். பார்க்க அத்தனை ஒழுங்காக இருந்தது.

ரேடியோப் புத்தகங்களில், செய்யவே கூடாது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கும் காரியம் இது. கோபத்தில் இருப்பவன் முதல் பக்கத்தைப் படிப்பதில்லை.

*

விந்தை என்னவென்றால், அடுத்த நாள் யாரும் கதவைத் தட்டவில்லை. அதற்கடுத்த நாளும் தட்டவில்லை.

குணசேகரே பொறுக்கமாட்டாமல் டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"என்ன டீச்சர், எருமை? வாத்து?"

"ஒண்ணும் இல்ல சார். சுத்தமா இருக்கு." டீச்சரின் முகம், நல்ல மதிப்பெண் போட்ட முகமாக இருந்தது. "இப்படியே விட்டுடுங்க. இனிமே எதையும் தொடாதீங்க."

"ஹாம்னா யாருன்னு இப்ப புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது சார். இருங்க, இதை எடுத்துட்டுப் போங்க." ஒரு டப்பாவில் பச்சையாக ஏதோ மாவு இருந்தது. "முடக்கத்தான். தோசை ஊத்திச் சாப்பிடுங்க. இடது முட்டிக்கு நல்லது."

அன்று மேடையிலிருந்து இறங்கியபோது கேட்ட 'கடக்'கை டீச்சர் மறக்கவில்லை என்று குணசேகர் நெகிழ்ந்தார்.

வாட்ஸ்ஆப்பில் தயிர் ஒழுங்காக உறைந்தது. முடி கொட்டுவது நின்றது. புறாக்களைப் பற்றிப் பேச்சில்லை. படிக்கட்டில் எதிர்ப்படுகிறவர்கள் புன்னகை செய்தார்கள். இதுவரை காதில் எதையோ மாட்டிக்கொண்டு கம்பெனி காருக்கு ஓடிய பையன்கள்கூட நின்று, "குட் மார்னிங் அங்கிள்" என்றார்கள்.

"பயந்துட்டாங்க" என்றார் குணசேகர் ஆஷாவிடம். "எதிர்த்து நின்னா மரியாதை தன்னால வரும்."

சந்தோஷத்தில் ஒரு புது மைக் வாங்கினார். ஆஷாவுக்குத் தெரிந்தால் வீடு இரண்டுபடும் என்பதால், அதைப் பரணில் பழைய குக்கர் அட்டைப்பெட்டிக்குள் ஒளித்து வைத்து, அவள் காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிற நேரத்தில் மட்டும் எடுத்தார். இந்த ரகசியம் பெங்களூரில் எவருக்கும் தெரியாது. ஈரோட்டில் ஒருவருக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்துத் தீபிகா வந்தாள்.

"ஆன்ட்டி, ஊர்லேர்ந்து மாமனார் வீட்டாளுங்க வர்றாங்க. பெரிய குக்கர் இருந்தா குடுங்களேன். பரண்ல ஏதாவது பழசு இருந்தாக்கூடப் பரவால்ல."

ஆஷா ஸ்டூல் போட்டு ஏறினாள். பெட்டியைத் திறந்தாள். ஸ்டூலின் மேலிருந்தபடியே கணவரைப் பார்த்தாள். அதன்பிறகு மூன்று நாள் அந்த வீட்டில் ரேடியோவில் மட்டுமே பேச்சுக் கேட்டது.

தீபிகா குக்கரே வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டதைக் குணசேகர் கவனிக்கவில்லை. தன் கெட்ட நேரத்தை நொந்துகொண்டு, ஆஷாவின் மௌனத்தை வகை வகையாகப் பிரித்து, சாமிநாதனிடம் முக்கால் மணி நேரம் புலம்பினார்.

இன்னொருவரும் சந்தோஷமாக இருந்தார். தலைவர் ராஜேஷ்குமார், காவலாளி அறையைத் தாண்டும்போது ஒருநாள் கேட்டார்:

"பச்சைமுத்து, காலைல ஸ்பீக்கர் எப்படி வருது?"

"கணீர்னு வருது சார். ஏழு அடிச்சா ஒருத்தரும் வெளிய வர்றதில்ல. காபி டம்ளரோட எல்லாம் ஸ்பீக்கருக்குக் கீழதான் நிக்குதுங்க. ரெண்டு பேரு கம்பெனி வண்டியவே விட்டுட்டாங்க."

தலைவர் அன்று லிஃப்டில் ஆல்ப்ஸ் மலையைப் பார்த்தபடி, மலையைவிட ஒரு பிடி உயர்ந்து நின்றார். இவ்வளவு பேரைத் தன் பேச்சால் கட்டிப்போட்டிருக்கும்போது, தன் மன அமைதியைத் தேனீக் கூடு என்று சொன்ன ஒருவரை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவுக்கு அறிவிப்பு வந்தது. ஒரே பொருள்: மொட்டை மாடிக் கம்பத்தை நிரந்தரமாக அகற்றுதல்.

*

"இறக்கட்டும் பாக்கலாம்! நானும் மேல ஏறி உக்காந்துக்கறேன். என்னையும் சேத்து இறக்கட்டும்!"

"முட்டிய வெச்சிக்கினு மொதல்ல மாடிப்படி ஏறுங்க" என்றாள் ஆஷா. மௌனம் கலைந்திருந்தது. பிறகு, சற்றுத் தணிந்த குரலில், "எல்லாரும் தலைவர் பக்கம்தான் நிப்பாங்க. நாம கொஞ்சம் இறங்கிப் போலாமே. மன்னிப்புக் கேட்டா விட்டுடுவாரு" என்றாள்.

"எதுக்கு மன்னிப்பு? நான் யாரு காதுலயாவது போய்க் கத்தினேனா? என் ரூம்ல, என் மைக்ல, என் நண்பன்கிட்டப் பேசறேன். அவரு இல்ல ஊருக்கே ஸ்பீக்கர் மாட்டிப் பேசறாரு? இதுக்கு மன்னிப்பு வேணும்னா அவரு என்கிட்டக் கேக்கட்டும்."

சொன்னதோடு நிற்கவில்லை. சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒரு உரை எழுதினார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பேச்சை ஒத்திகை பார்க்கச் சாமிநாதனையே சபையாக்கிக்கொண்டார். குரல் எங்கே ஏற வேண்டும், எங்கே உடைய வேண்டும் என்று இரண்டு தடவை பேசிக் காட்டினார். தலைவரைப் போலவே மூக்கால் "லெட் மீ பி வெரி கிளியர்" என்று நடித்தும் காட்டினார். கடைசியில், "சாமி, இன்னைக்கு அவங்க இறக்கிட்டாங்கன்னா, நாளைக்கு நான் வர மாட்டேன். பன்னெண்டு வருஷம் கேட்டுக்கினு இருந்தியே, அதுக்கு..." என்றவர், அதோடு மைக்கை அணைத்துவிட்டார்.

பொதுக்குழு கீழ்த்தளத்துக் கார் நிறுத்துமிடத்தில் கூடியது. வழக்கமாகத் தலைவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் மட்டுமே வருகிற கூட்டத்துக்கு, அன்று எல்லா வீட்டாரும் வந்திருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் தலைவருக்கு முகம் மலர்ந்தது. குணசேகர் ஓரமாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"பிரெண்ட்ஸ்" என்று தலைவர் தொடங்கினார். "நம்ம காலை உரையை இன்னைக்கு எத்தனை பேர் ஆர்வமாக் கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். தட் இஸ் த பவர் ஆஃப் கம்யூனிகேஷன்."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது. தலைவர் அதைப் பணிவோடு ஏற்றுக்கொண்டார்.

"ஆனா நம்ம தலைக்கு மேல ஒரு அசிங்கமான இரும்புக் கம்பம் நிக்குது. அதை எடுக்கறதுக்கு முன்னால, ஃபேர்னெஸ்க்காக, சார் ரெண்டு நிமிஷம் பேசலாம்."

குணசேகர் எழுந்தார். பேப்பரை வேண்டுமென்றே எடுத்து வரவில்லை. நெஞ்சிலிருந்து பேசுகிறவன் பேப்பர் பார்ப்பதில்லை என்பது அவர் எண்ணம்.

"நண்பர்களே! நாளைக்கு ஒரு ஆபத்து வருது. கரண்ட் இல்ல. செல்போன் டவர் சாஞ்சிடுச்சு. அப்ப உங்க வைஸ் பிரசிடெண்ட் பதவி உங்களைக் காப்பாத்துமா? ஹாம் ரேடியோதான் காப்பாத்தும்! புயல் அடிச்சப்ப யாரு இருந்தான்? ஹாம் இருந்தான்! அடுத்து..."

நெஞ்சு காலியாக இருந்தது. அடுத்தது வரவே இல்லை.

"சுனாமி சார்" என்றார் மங்களம் டீச்சர், முன்வரிசையிலிருந்து மெதுவாக.

"ஆங், சுனாமி! சுனாமி வந்தப்ப யாரு இருந்தான்? ஹாம் இருந்தான்! அப்புறம்..."

"நிலநடுக்கம்" என்றது பின்வரிசை.

படித்தவர்கள் வாழ்கிற இடம், பொது அறிவு நிறைய இருக்கிறது என்று குணசேகர் உள்ளூர வியந்தார். இத்தனை நாள் இவர்களைக் குறைவாக மதிப்பிட்டுவிட்டோமே என்றும் தோன்றியது.

"சார், பேச்சு போதும்" என்று எழுந்தார் டீச்சர். "பிரமாதம். ஓட்டுக்குப் போயிடலாம். மதியம் சமையல் வேற இருக்கு."

தலைவர் புன்னகையோடு மைக்கை வாங்கினார். "கம்பத்தை எடுக்கணும்னு சொல்றவங்க கை தூக்கலாம்."

ஒரு கை உயர்ந்தது. தலைவருடையது. அவர் சற்றுப் பொறுத்தார். திரும்பி மனைவியைப் பார்த்தார். தீபிகா தன் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரெண்ட்ஸ், மே பி கேள்வி புரியலைன்னு நினைக்கிறேன். கம்பத்தை... எடுக்கணும்னு..."

"எங்களுக்கு நல்லாவே புரிஞ்சுது சார்" என்றார் டீச்சர். "அது தோத்துடுச்சு. இப்ப நான் ஒரு தீர்மானம் கொண்டு வர்றேன். கம்பம் இப்ப இருக்கற உயரம் பத்தல. சங்கத்துச் செலவுல இன்னும் பத்து அடி ஏத்திக் குடுக்கணும்."

தலைவரின் மைக் 'கீச்' என்றது. "ஒய்? டீச்சர், ஒய்?"

"சேவை சார். ஆபத்துக் காலத்துக்கு உதவும்."

காடு மாதிரி கைகள் எழுந்தன. தீபிகா தன் கையை அவசரமாகத் தூக்கியதில் பக்கத்து நாற்காலி சாய்ந்தது. தலைவர் உட்கார்ந்தார். தோல்வியைத் தழுவ வேண்டிய நேரம் இப்போது வந்திருந்தது. அவருக்கோ கைகள் எழவில்லை.

"பாத்தியா?" என்றார் குணசேகர், ஆஷாவின் காதில். கண் கலங்கியிருந்தது. "ஒரு பேச்சு. ஒரே பேச்சு. இவ்ளோ பேரையும் புரட்டிப் போட்டுட்டேன்."

"நீங்க பாதி கூடப் பேசலியே."

"பாதிக்கே இப்படி!"

*

அன்று மாலையே அவர் மாடிக்கு ஏறினார். முட்டி வலித்தது, பொருட்படுத்தவில்லை. பச்சைமுத்து புதுக் குழாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னாலேயே வந்து நின்றிருந்தான். எங்கேயோ ஓசூர் ரோட்டுப் பக்கம் வண்டிகளின் இரைச்சல் கேட்டது. குணசேகர் கம்பத்தைக் கையால் பற்றி, கோட்டையைப் பிடித்தவன்போல ஊரைச் சுற்றிப் பார்த்தார்.

"பச்சைமுத்து, எதிர்த்து நிக்கணும்ப்பா. நான் மட்டும் அன்னைக்கு அந்த ஸ்பீக்கர் ஒயரை வெட்டாம, தலையாட்டிக்கினு இருந்திருந்தா இன்னைக்கு இந்தக் கம்பம் நின்னிருக்குமா?"

"நின்னிருக்காது சார்" என்றான் பச்சைமுத்து, மிகுந்த உறுதியோடு.

"இந்தக் கட்டடத்துல என் பேச்சைக் கேக்க ஒரு ஆள் கூட இல்லன்னு பொண்டாட்டிகிட்டப் புலம்பிக்கினு இருந்தேன். இன்னைக்கு அத்தனை பேரும் கேட்டாங்க இல்ல?"

பச்சைமுத்து குழாயைக் கீழே இறக்கி வைத்தான். கம்பத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தான். கொஞ்ச நாளாகவே கேட்க நினைத்ததைக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான்.

"தினமும்தான் சார் கேக்கறாங்க, நீங்க பேசறது ஒண்ணு விடாம எல்லா வீட்டு ஸ்பீக்கர்லயும் வருது, அந்த ஈரோட்டு சாமிநாதன் சார் என்ன பதில் சொல்றாருன்னுதான் யாருக்கும் கேக்க மாட்டேங்குது, பத்து அடி ஏத்திட்டா அவரும் வந்துடுவாருங்களா?"